கைசு காட்டிய பாதி வேலை

கைசு கார்ப்பினென் பாதியில் நிற்கும் எதையும் யாருக்கும் காட்டமாட்டாள். பின்னிக்கொண்டிருக்கும் காலுறையைக்கூட, வாசல் மணி அடித்தால் சோபாத் தலையணைக்குப் பின்னால் தள்ளிவிடுவாள். மாவு பிசையும்போது யாராவது சமையலறைக்குள் எட்டிப்பார்த்தால் அவள் முகமே மாறிவிடும். இதற்காக அவளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பின்லாந்தில் எங்கள் கயானிப் பக்கத்தில் பாதிப்பேர் அப்படித்தான். மீதிப்பேர் முடித்த வேலையையும் காட்டமாட்டார்கள்.

அவள் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸாக இருந்தவள். நல்ல நர்ஸ் என்று ஊரில் பெயர். கூட வேலை செய்கிறவர்கள் யாராவது விடுப்பில் போனால் அவர்கள் வீடுகளும் கைசுவின் தலையில்தான் விழும். கேட்டால் மாட்டேன் என்று சொல்லமாட்டாள் என்பது மேலதிகாரிக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஒரு பிப்ரவரி காலையில் வேலைக்குக் கிளம்பியவள், ஷூ லேஸைக் கட்ட முடியாமல் நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மரம் ஏற்றும் லாரி ஓட்டும் அவள் கணவன் இல்க்கா மாலையில் வீடு திரும்பியபோது, குளிர் கோட்டும் தொப்பியுமாக அங்கேயே உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்தா என்று அவன் கேட்டதற்கு, தொந்தரவு பண்ண வேண்டாம் என்று நினைத்தேன், நீ வண்டி ஓட்டிக்கொண்டிருப்பாயே என்றாள்.

அதற்குப் பிறகு வேலை இல்லை. மருந்து, தூக்கம், காட்டோரமாக ஒரு நடை, மறுபடி தூக்கம் என்று இரண்டு குளிர்காலம் போயிற்று. உடம்பு கொஞ்சம் தேறியதும் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்காரர்கள் அவளைப் பெரியவர்களுக்கான கம்ப்யூட்டர் வகுப்பில் தள்ளிவிட்டார்கள். எதையாவது படிக்கட்டும் என்ற எண்ணம்தான், வேறு எதிர்பார்ப்பு ஒன்றும் அவர்களுக்கு இல்லை. ஆனால் புரோகிராம் எழுதுவது கைசுவுக்குப் பிடித்துப்போனது. தப்புச் செய்தால் கம்ப்யூட்டர் பெருமூச்சு விடுவதில்லை. எத்தனை முறை முயன்றாலும் போதும் விடு என்று சொல்வதில்லை. முக்கியமாக, அதற்கு வலி கிடையாது.

அந்த வகுப்பில்தான் அந்தத் திட்டத்தைப் பற்றி யாரோ சொன்னார்கள். உலகத்தில் சில மென்பொருள்களுக்கு முதலாளி கிடையாது. உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை அனுப்பலாம். ஓப்பன் சோர்ஸ் என்பார்கள். அதில் புதிதாக நுழைகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டியைக் கொடுத்து, மூன்று மாதம் சம்பளமும் கொடுத்து, வேலை பழக விடுகிற திட்டம் அது. வயது தடையில்லை, படிப்பு தடையில்லை. ஒன்றே ஒன்று, சேருவதற்கு முன்னால் சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்து காட்ட வேண்டும்.

கைசு, படங்களுக்கு சப்டைட்டில் போடும் ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாள். அதில் கிடந்த சின்னப் பிழைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரு தூசு இல்லாமல் முடித்து, முடித்த பிறகே அனுப்பினாள். அனுப்பியதில் குறை கண்டுபிடிக்க ஆளில்லை. இடம் கிடைத்துவிட்டது. செய்தி வந்த அன்று இல்க்கா கடைக்குப் போய்ப் பெரிய க்ரீம் கேக்காக வாங்கிவந்தான். இருவர் சாப்பிட முடியாத கேக். மனைவிக்கு மறுபடியும் சம்பளம் வரப்போகிறது என்பதைவிட, அவள் காலையில் தலைவாரிக்கொண்டு ஒரு மேசைக்கு முன்னால் உட்காரப்போகிறாள் என்பதுதான் அவனுக்குப் பெரிதாக இருந்தது. அவளுக்கும் அதுதான். இதுவும் கைவிட்டுப் போனால் இன்னொரு தடவை எழுந்திருக்கமாட்டோம் என்று அவள் மனதுக்குள் முடிவே கட்டியிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை, வழக்கம்போல.

டிசம்பரில் வேலை தொடங்கியது. வழிகாட்டியின் பெயர் நீலோ. இருபத்தேழு வயது. பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது அவன் பிழைப்பு, இந்த மென்பொருள் அவன் ஓய்வு நேரத்து ஆசை. வழிகாட்டியாக இருப்பது அவனுக்கு இதுதான் முதல் தடவை. பெயரைப் பார்த்ததும் இவனும் நம்ம நாட்டுக்காரன் என்று கைசுவுக்குப் புரிந்தது, அவனுக்கும் புரிந்திருக்கும். எந்த ஊர் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் துருவுவது போலாகிவிடுமே.

அங்கே ஒரு விதி உண்டு. பேச்சு எல்லாம் பொதுச் சாட் அறையில்தான், எல்லோருக்கும் புரிகிற ஆங்கிலத்தில்தான். இன்று என்ன செய்தேன், எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று தினமும் எழுத வேண்டும். எழுதினால் உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து யாராவது கை கொடுப்பார்கள். அதே மென்பொருளில் சேர்ந்திருந்த இன்னொரு பெண், லிமா நகரத்து யெசேனியா, இந்த விதியைத் தலையில் வைத்துக் கொண்டாடினாள். காலையில் எழுந்ததும் ஒரு பிழை, பல் தேய்த்ததும் ஒரு சந்தேகம், மத்தியானம் ஒரு புலம்பல் என்று அறை முழுக்க அவள் குரல்தான். அதைப் படிக்கும்போது கைசுவுக்குக் காது சிவக்கும். இவ்வளவு பேர் பார்க்கிற இடத்தில் ஒரு பெண் இப்படித் தன் அரைகுறை வேலையைக் கடைபரப்புகிறாளே என்று அவளுக்காக இவள் கூசிப்போவாள். பிறகு தன் முறைக்கு எழுதுவாள்: வேலை நடக்கிறது, எல்லாம் நலம். அதற்குக் கீழே நீலோ ஒரு கட்டைவிரல் படத்தைப் போடுவான். அத்தோடு அன்றைய பேச்சு முடிந்தது.

உண்மையில் எதுவும் நலமாக இல்லை. அவளுக்குக் கொடுத்திருந்த வேலை கேட்க எளிது. படத்தின் நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் அதற்குப் பின்னால் வருகிற சப்டைட்டில்கள் எல்லாம் தாமாகவே முன்னால் நகர வேண்டும். கைசு எழுதியதில் அவை நகரத்தான் செய்தன. ஆனால் போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கின. படம் முடியும் இடத்தில், கதாநாயகி அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்ட பிறகு அவள் சொன்ன வசனம் திரையில் வந்தது. கைசு எழுதியதை அழித்தாள், வேறு மாதிரி எழுதினாள், அதையும் அழித்தாள். கிறிஸ்துமஸ் வந்து போனது. பின்தங்கல் போகவில்லை.

இல்க்காவுக்குச் சாட் அறை தெரியாது, மென்பொருள் தெரியாது, ஆனால் மனைவியைத் தெரியும். அவள் சாப்பாட்டுத் தட்டை மேசைக்கு எடுத்துப்போகத் தொடங்கியதைப் பார்த்தான். பிறகு தட்டு அப்படியே திரும்பி வருவதைப் பார்த்தான். பேசும்போது அவள் கண் வேறெங்கோ இருந்தது. இந்த அறிகுறிகளை அவன் முன்பு ஒரு தடவை கவனிக்காமல் விட்டிருக்கிறான். அதற்காக அவன் இன்னும் தன்னை மன்னித்துக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிறு அன்று நீராவிக் குளியல் அறையான சவுனாவுக்கு விறகு வைத்துவிட்டு வந்து, கதவோரமாக நின்று, அவன் பேச்சைத் தொடங்கினான். எனக்குப் பயமாக இருக்கிறது என்பதை வேறு வார்த்தைகளில் சொல்லவே அவனுக்கு அத்தனை நாள் ஆயிற்று.

“அந்தப் பையன் கிட்ட கேட்டுப் பாரேன். அதுக்குத்தானே அவன வச்சிருக்காங்க.”

“முடிச்சுட்டுக் காட்டிக்கறேன். சும்மா அவன் நேரத்த எதுக்குக் கெடுக்கணும்.”

“அவன் ஒண்ணும் கேக்கலையா?”

“இல்ல. மரியாதையான பையன்.”

“மரியாதையாம்,” என்றான் இல்க்கா. “ரெண்டு பேரும் மரியாதை பண்ணிப் பண்ணியே வெளங்காமப் போவீங்க.”

அவள் சிரிக்கவில்லை. அவன் போய் சவுனாவில் தனியாக உட்கார்ந்தான்.

திட்டத்தின் பாதியில் ஒரு மதிப்பீடு உண்டு. இதுவரை செய்த வேலையைப் பார்த்து, இவர் தொடரலாமா வேண்டாமா என்று வழிகாட்டி சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அத்தோடு சரி, சம்பளமும் நின்றுவிடும், திட்டமும் முடிந்துவிடும். இதையெல்லாம் மேற்பார்வை பார்க்கிறவள் அயர்லாந்துக்காரி ஓர்லா. அவளுக்குப் பேசாமல் இருக்கிற மனிதர்களைக் கண்டால் புரியாது. அந்தப் புதன்கிழமை கைசுவுக்கும் நீலோவுக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் போட்டாள்.

நல்ல மனசோடுதான் எழுதியிருந்தாள், ஆனால் சுற்றி வளைக்கவில்லை. பல வாரங்களாக கைசு எல்லாம் நலம் என்கிறாள், நீலோவும் எல்லாம் நலம் என்கிறான், ஆனால் ஒரு வரி வேலைகூட யார் கண்ணிலும் படவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் எதையாவது எல்லோரும் பார்க்கும்படி வைக்காவிட்டால் கைசுவை நிறுத்துவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. கடைசியில் இப்படி முடித்திருந்தாள்: “உங்க ரெண்டு பேரோட முகவரியையும் இப்பத்தான் பார்த்தேன். நடுவுல நூறு கிலோமீட்டர்தான் இருக்கு. யாராவது ஒருத்தர் வாயத் திறங்க, ப்ளீஸ்.”

கைசு அதைப் படித்துவிட்டு மடிக்கணினியை மூடினாள். அழவில்லை. துவைக்க வேண்டிய துணிகளைப் பிரித்துப் போட்டாள். அப்படியானால் இதுவும் போயிற்று என்று, யாரோ பக்கத்து வீட்டுக்காரிக்கு நடந்ததைப் போல நினைத்துக்கொண்டாள். மாலையில் இல்க்காவிடம் விஷயத்தை ஒரே வாக்கியத்தில் சொன்னாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, தலைவலிக்கிறது என்று போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் இல்க்கா வேலையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டான். பனி தள்ளும் பலகையை எடுக்கக் கொட்டகைப் பக்கம் போனவன், தெருவோரத்தில் ஒரு பழைய கார் எஞ்சின் ஓட நிற்பதைப் பார்த்தான். உள்ளே ஒரு இளைஞன் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இல்க்கா பாதை முழுக்கப் பனியைத் தள்ளி முடித்தான். கார் அப்படியே நின்றது. கடைசியில் போய்க் கண்ணாடியைத் தட்டினான்.

“தம்பி, கொள்ளையடிக்க வந்தியா, இல்ல நீலோவா?”

“நீலோ,” என்றான் அவன். “ஓர்லாகிட்ட முகவரி வாங்கிக்கிட்டு, சொல்லாம வந்துட்டேன். தொந்தரவுன்னா திரும்பிப் போயிடறேன்.”

ஒரு வரி எழுதி அனுப்ப முடியாதவன் தன் ஊரான குஹ்மோவிலிருந்து நூறு கிலோமீட்டர் பனியில் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதுதான் சுலபம். இல்க்கா அவனை ஏறக்குறைய தோளைப் பிடித்துத்தான் உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது.

காபி போட்டாயிற்று. பெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட ரோன்ட்டனென் அப்பங்களை கைசு தட்டில் வைத்தாள். சாலை எப்படி இருக்கிறது என்று இல்க்கா கேட்டான். வழுக்குகிறது என்றான் நீலோ. பிறகு மூவரும் காபி குடித்தார்கள். இரண்டாவது கோப்பையும் அப்படியே போனது. மடிக்கணினி மேசையின் ஓரத்தில் மூடியபடி கிடந்தது. அவளாகக் காட்டாமல் பார்ப்பது முறையில்லை என்று அவன் அதன் பக்கம் திரும்பவில்லை. அவன் கேட்காமல் காட்டுவது முறையில்லை என்று அவளும் அதைத் தொடவில்லை. இல்க்காவுக்கு இருவர் தலையையும் பிடித்து முட்டலாம் போலிருந்தது.

“உங்களுக்குக் கொடுத்த வேலை,” என்று நீலோ கோப்பையைப் பார்த்தபடி தொடங்கினான். “அத முந்தின வருஷம் நான் செஞ்சு பார்த்தேன். வரல.”

கைசு நிமிர்ந்தாள்.

“ரொம்ப நாள் மண்டைய ஒடச்சுக்கிட்டேன். சப்டைட்டில் பின்னாடியே போய்க்கிட்டிருந்துச்சு. விட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லல. நீங்க அனுப்பின சின்ன வேலையெல்லாம் அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. உங்களுக்கு வந்துடும்னு நெனச்சேன்.”

“ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கல.”

“நான் எப்படிக் கேப்பேன்?” கைசுவின் குரல் உயர்ந்தது. இல்க்கா அந்தக் குரலைக் கேட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. “உனக்கே வரலன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்? நான் மக்கு, எனக்கு மட்டும்தான் வரலன்னு இத்தன நாளா உக்காந்துக்கிட்டிருக்கேன். சோறு இறங்கல எனக்கு. கட்டைவிரலக் காட்டறே தினமும்.”

நீலோவின் கழுத்து சிவந்தது. நீங்களும் எல்லாம் நலம் என்றுதானே எழுதினீர்கள் என்று அவன் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மன்னிச்சிடுங்க என்றான். அவ்வளவு மெதுவாகச் சொன்னதால் அவளுடைய கோபம் நிற்க இடமில்லாமல் போய்விட்டது. அவள் மடிக்கணினியை இழுத்துத் திறந்து அவன் பக்கம் திருப்பினாள். முடிக்காத வேலை, பாதி அழித்த வரிகள், தனக்குத்தானே எழுதிவைத்த திட்டுகள், எல்லாம் அப்படியே இருந்தன. அவன் படித்தபோது அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். உடை மாற்றும்போது யாரோ பார்ப்பது போல அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவனுக்கும் விடை தெரியவில்லை. ஆனால் அவன் நின்ற இடத்தைத் தாண்டி அவள் வெகுதூரம் போயிருக்கிறாள் என்று சொன்னான். நான் பார்த்துவிட்டேன், இதை வைத்து நாளைக்கே தொடரலாம் என்று எழுதிக்கொடுத்துவிடுகிறேன், மீதியை நாம் இரண்டு பேரும் மெல்லப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்றான். இல்க்காவுக்கு அப்பாடா என்று இருந்தது. கைசு மட்டும் மறுத்துத் தலையை ஆட்டினாள்.

“வேண்டாம். இங்க சமையல்கட்டுல நமக்குள்ள முடிச்சுக்கிட்டா, நான் மறுபடியும் அதேதான் பண்ணுவேன். எனக்குத் தெரியும் என்னைப் பத்தி. அங்க எழுதறேன். எல்லாரும் பாக்கட்டும்.”

அவள் எழுதினாள். ஆங்கிலம் தடுமாறியது. நான் பல வாரங்களாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் நலம் என்று எழுதியது உண்மையில்லை. இதுதான் என் வேலை, பாதிதான் இருக்கிறது, அதுவும் சரியாக இல்லை. எனக்கு உதவி வேண்டும். கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு அழிக்கப் போனாள். அழிக்காமல் நிறுத்திக்கொண்டாள். பிறகு அனுப்பிவிட்டு, பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நர்ஸாக இருந்த காலத்தில் எத்தனையோ பேர் கடைசி மூச்சு விடும்போது கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அப்போதெல்லாம் அவளுக்கு இப்படி ஒரு பிடிமானம் தேவைப்பட்டதில்லை.

முதல் பதில் நீலோவுடையது. மேசையின் அந்தப் பக்கத்திலிருந்தே, அவனும் அந்தப் பொது அறையில் எழுதினான். இதே இடத்தில் நானும் தோற்றேன், அதை மறைத்தேன், தவறு என்னுடையது என்று. பிறகு ஹாலந்திலிருந்து ஒருவர் வந்தார். எனக்கும் அங்கே பிரச்சினை இருந்தது, ஏதோ என் படத்தில்தான் கோளாறு என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன் என்றார். இன்னொருவர் கைசுவின் வரிகளைப் படித்துவிட்டு, பிழை இங்கே இல்லை, வீடியோவை வாசிக்கும் பகுதியில் தேடிப் பாருங்கள் என்றார். சாயங்காலத்துக்குள் அது தீர்ந்துவிடவில்லை. தேட வேண்டிய இடம் வேறு என்று தெரிந்ததே பெரிய காரியமாக இருந்தது. நீலோ நாலாவது ரோன்ட்டனெனைச் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினான். கைசு மீதியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஓர்லாவிடமிருந்து இரண்டு வரி வந்தது. கைசு தொடரலாம். பின்லாந்திலிருந்து சத்தம் கேட்டதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். கைசு அதை இல்க்காவுக்குப் படித்துக்காட்டினாள். அவன் லாரிச் சாவியைக் கையில் வைத்தபடி, நல்லது என்று சொன்னான்.

அப்போதுதான் யெசேனியாவின் பெயரில் ஒரு செய்தி இருப்பதைக் கைசு பார்த்தாள். லிமாவில் இன்னும் விடியாத நேரத்தில் எழுதியிருந்தாள். வழக்கமான புலம்பல் இல்லை. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன் கைசு என்று தொடங்கியிருந்தது. தினமும் உங்கள் எல்லாம் நலத்தைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு, இந்தத் திட்டத்தில் நான் ஒருத்திதான் முட்டாள் என்று அழுவேன். அவர்களுக்கு எல்லாம் வருகிறதே, எனக்கு ஏன் வரவில்லை என்று. விலகிக்கொள்கிறேன் என்று ஓர்லாவுக்குக் கடிதம் எழுதிவைத்திருந்தேன். இன்றைக்கு அனுப்புவதாக இருந்தேன். இனி அனுப்பமாட்டேன்.

கைசு அதை மறுபடி படித்தாள். யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்றுதான் அவள் தன் வாழ்நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்த மூடிய வாய், கடல் கடந்து, முகம் தெரியாத ஒரு பெண்ணின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது. ஓர்லாவின் மின்னஞ்சலைப் படித்த அன்று வராத கண்ணீர் அந்தப் பெண்ணை நினைத்து வந்தது. துடைத்துக்கொள்ளாமல் பதில் எழுதினாள்: நானும் தினமும் அழுதேன் யெசேனியா. எல்லாம் நலம் என்று எழுதிவிட்டுத்தான் அழுதேன்.

தோளுக்குப் பின்னாலிருந்து இல்க்கா படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும், இது புரியும் அளவுக்கு வரும்.

“தினமுமா?”

“ம்.”

“நான் பாக்கலையே. எப்ப?”

“நீ லாரி எடுத்துட்டுப் போனப்புறம்.”

இல்க்கா சாவியை மேசைமேல் வைத்தான். நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். தன் முரட்டுக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் அவள் முழங்கால்மேல் வைத்தான்.

“இனிமே நான் வீட்ல இருக்கும்போது அழு,” என்றான்.

கைசு அவன் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அன்றைக்கு மரக்கட்டைகள் ஆலைக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தன.